நாக்பூர் அக்காவின் டிபன் கேரியர்

டெல்லி வீட்டைக் காலி செய்த கடைசி இரவில் சமையலறையில் மிஞ்சியிருந்தவை மூன்று சாமான்கள். ஒரு இரும்பு வாணலி, ஒரு ஜல்லிக்கரண்டி, நாக்பூர் அக்காவின் நாலடுக்கு டிபன் கேரியர். மற்றதெல்லாம் முந்தின நாளே லாரியில் ஏறி ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. இரண்டு நாளாகப் புளிக்க வைத்திருந்த அதிரச மாவை எடுத்து, தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, ராத்திரி பதினோரு மணி வரை சுட்டேன். முப்பத்தொரு வருடம் சமைத்த அடுப்பில் கடைசியாக வெந்தது அந்த அதிரசம்தான்.

கீழே இரண்டு அடுக்கில் அதிரசம். மூன்றாவதில் முந்திரிக்கொத்து. மேலடுக்கைக் காலியாக விட்டேன், போகிற வழியில் ஆக்ராவில் பேட்டா வாங்கி வைக்க. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பெண் நான். இந்தப் பாத்திரமோ ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். டெல்லியிலிருந்து சாலை வழியாகக் கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். "ரெண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியாச்சு, பேசாம ஃபிளைட்ல வாங்க, வண்டியை வித்துடுங்க" என்று மகன் சொன்னான். வண்டிக்கு ஒன்பது வயது, டீசல். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது. அங்கே விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். ஊருக்குக் கொண்டுபோனால் மறுபதிவு செய்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். இவர் ஒரு மாதம் அலைந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி வந்தார். மகனிடம் சொன்ன காரணம் இது. எங்கள் இருவருக்கும் தெரிந்த காரணம் அந்த டிபன் கேரியர்.

அக்காவின் வீட்டுக்காரரும் இவரும் டெல்லியில் ஒரே அலுவலகம். நாங்கள் மேல் வீடு, அவர்கள் கீழ் வீடு. இரண்டு வருடம்தான் அப்படி இருந்தோம். 1994இல் அண்ணாவுக்கு நாக்பூருக்கு மாற்றலானது. அந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மத்தியானம் நாக்பூரில் நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டு இருவரும் பிளாட்பாரத்தில் ஓடி வருகிறார்கள். அக்கா கையில் டிபன் கேரியர், அண்ணா கையில் ஒரு பை ஆரஞ்சு. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், தயிர்சாதம், மேலடுக்கில் மோர்மிளகாய். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க, பாத்திரத்தைத் திரும்பி வரும்போது கொடுத்தாப் போதும்" என்று அக்கா சொல்லி முடிக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது.

அன்றிலிருந்து அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. போகும்போது கேரியர் ஏறும். ஊரில் ஒரு மாதம் இருக்கும். திரும்பும்போது சாத்தூர் காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் நிரம்பி நாக்பூரில் இறங்கும். டெல்லியில் குடியிருந்த தமிழர்களில் பலருக்கு ஜான்சியிலோ போபாலிலோ நாக்பூரிலோ இப்படி ஒரு குடும்பம் இருக்கும். இதை எங்களுக்கு மட்டும் வாய்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனாலும் வண்டி நாக்பூரை நெருங்கும்போது என் பிள்ளைகள் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வதைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அது தாத்தா பாட்டி ஊர் வருவதற்கு முன்னால் வரும் இன்னொரு ஊர்.

2016 மே மாதம் வாங்கிய கேரியர்தான் திரும்பிப் போகவில்லை. ஊரிலிருந்து அவசரமாக விமானத்தில் டெல்லி திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஐப்பசியில் அண்ணா போய்விட்டார். இவர் அப்போது ஆஸ்பத்திரியில். நான் போனில்தான் அழுதேன். அதன்பிறகு ஊருக்குப் போகவர விமானம் பழகிவிட்டது. நாக்பூர் கீழே எங்கோ முப்பதாயிரம் அடியில் கடந்து போனது.

2023 பிப்ரவரி கடைசியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இருட்டின பிறகு ஓட்டுவதில்லை என்பது முதல் ஒப்பந்தம். அறுபதுக்கு மேல் எதிர் வண்டியின் ஹைபீம் வெளிச்சம் கண்ணில் பட்டால் பார்வை தெளிய நேரமாகிறது. மத்தியப் பிரதேசத்தில் இரவில் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டியரிங் கை மாற வேண்டும் என்பது இரண்டாவது ஒப்பந்தம். சாப்பிட்ட பிறகு இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வரும் தூக்கம் பொல்லாதது. அந்த நேரத்தில் எங்காவது நிழலில் நிறுத்திவிடுவோம். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், சூடேறாத டயரில்தான் பார்க்க வேண்டும் என்பதில் இவர் கண்டிப்பு.

44ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. இந்தியாவிலேயே நீளமான நெடுஞ்சாலை அதுதான். 2010இல் எண்களை மாற்றுவதற்கு முன் அதன் தென்பாதி ஏழாம் நம்பர் ரோடு. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர். சின்ன வயதில் அப்பா கோவில்பட்டியில் ரோட்டோரம் நின்று, "இப்படியே நேரா போனா காசி" என்று வடக்கே கையைக் காட்டுவார். அவர் காசிக்குப் போனதில்லை. நான் அந்த வார்த்தையின் மறுமுனையிலிருந்து திரும்பி வருகிறேன் என்று தோன்றியது.

ஆக்ரா, தோல்பூர், சம்பல் பாலம். ஆற்றின் இரு கரையிலும் மண் சுவர்கள் பிளந்து பிளந்து கிடந்தன. மொரேனா தாண்டிக் கடுகு வயல்களில் மஞ்சள் வடிந்து காய் முற்றத் தொடங்கியிருந்தது. முதல் இரவு ஜான்சி. என்னோடு பள்ளியில் இந்தி ஆசிரியையாக இருந்த சிநேகிதி. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். மாடிப்படி ஏறக் கூடாது என்று மருமகள் தடுத்தும் கேட்காமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தாள், கோட்டையைக் காட்ட. "ஊரைச் சுத்திப் பார்க்க வரலையே நீ, என்னைப் பார்க்கத்தானே வந்தே, ஆனா இதைக் காட்டாம உன்னை அனுப்பினா என் அம்மா சபிப்பா" என்று இந்தியில் சொன்னாள். பதினைந்து வருடம் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் ஊரில் அவள் குரல் இவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

லலித்பூரோடு ரயிலும் ரோடும் பிரிகின்றன. ரயில் போபால் பக்கம் போய்விடும். ரோடு சாகர் வழியே இறங்கும். சாகரில் ஒரு இரவு தங்கி, மறுநாள் பர்மானில் நர்மதையைக் கடந்தோம். சிவனி தாண்டியதும் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக் காடு. புரச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, கிளை முழுக்கச் செம்மஞ்சள் பூவாக நின்றன. சாலை அகலமாக்கப்பட்டபோது விலங்குகளுக்காக வழக்கு நடந்து, கடைசியில் சாலையையே ஒன்பது இடங்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே நாம் போகலாம், கீழே அவை போகலாம். அந்த வழியில் புலி கடப்பது தானியங்கிக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் செய்த வேலைகளில் மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய ஒன்று இது. ரயிலில் நாற்பது முறைக்கு மேல் போய்வந்தும் இந்தக் காடு இங்கே இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

நாக்பூரில் அக்கா வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. 1994லிருந்து அங்கே இருப்பவர்களின் வீட்டுக்கு இப்போதுதான் முதன்முறையாகப் போகிறோம். வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். தலை முழுக்க வெள்ளை. இத்தனை வருடம் ரயில் ஜன்னலுக்குக் கீழிருந்து அண்ணாந்து பேசியவர், நான் இறங்கி நின்றபோது என் தோளுக்கு இருந்தார். அவர் இவ்வளவு குள்ளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கேரியரை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. மூடியில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணாவின் பெயர்.

"ஏட்டி, இது உங்கிட்டயா இருக்கு? நான் தொலைஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன்."

"மன்னிச்சுக்கோங்க அக்கா, ஏழு வருசம் ஆயிட்டு."

"போட்டி, பாத்திரம் எங்க போவும். நீ வந்தியே."

அப்புறம்தான் அழுதார். நானும். இவர் வண்டியிலிருந்து பெட்டியை இறக்குவதுபோல் வெகுநேரம் டிக்கியருகிலேயே நின்றார்.

இரண்டு இரவு தங்கினோம். அக்கா காலையில் எத்தனை மணிக்கு எழுவார், காப்பியில் எவ்வளவு சர்க்கரை, எந்தக் காது சரியாகக் கேட்காது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22 வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். 440 நிமிடம். ஏழு மணி இருபது நிமிடம். நாக்பூர் அக்கா, நாக்பூர் அண்ணா என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்த உறவு, பிளாட்பாரத்தில் ஒரு அலுவலக நாள்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக அக்கா காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார், அண்ணா அரை நாள் லீவு போட்டிருக்கிறார், வண்டி நாலு மணி நேரம் தாமதமானால் நாலு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். இதை அக்கா சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று இப்போது கண்ணால் பார்த்ததில் நானே புரிந்துகொண்டேன். அண்ணா இறந்தபோது நான் வந்திருக்க வேண்டும். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகாவது, ஒரு மாதம் கழித்தாவது வந்திருக்க வேண்டும். அதற்கு என்னிடம் எந்தப் பதிலும் இல்லை. அக்கா கேட்கவும் இல்லை.

கிளம்பும் காலையில் கேரியர் மறுபடி வண்டியில் இருந்தது, நாலடுக்கும் நிறைந்து. "அதே எலுமிச்சைச் சாதந்தான். புதுசா ஒண்ணும் செய்யல" என்றார்.

நாக்பூருக்குத் தெற்கே நிலம் கறுத்துவிடும். பருத்தி எடுத்து முடிந்த காடுகள், பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள், ரோட்டோர முள்ளில் ஒட்டிப் பறக்கும் பஞ்சு. கண்ணை மூடித் திறந்தால் எட்டயபுரம் ரோடு. இதுவும் கரிசல்தான். வெயிலில் வெடித்து, மழையில் குழைந்து காலைப் பிடிக்கும் அதே மண். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கட்டி எடுத்துப் பிட்டுப் பார்த்தேன்.

ஹிங்கன்காட் வந்தபோது இவர் ஒரு கதை சொன்னார். இவருக்கு வரைபடம் என்றால் உயிர். 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் இறந்தது இந்த ஊரில்தான், 1823 ஜனவரி 20ஆம் தேதி. கன்னியாகுமரியிலிருந்து வடக்கே, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி ஒரே நெடுங்கோடாக அளந்துகொண்டே வந்தவர். அரை டன் எடையுள்ள கருவியைக் கோபுரங்களிலும் குன்றுகளிலும் ஏற்றி அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது மோதி நசுங்க, தானே உட்கார்ந்து சரிசெய்தார். ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகிற வழியில் உயிர் போனது. மிச்சத்தை அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் முடித்தார். "நாம வர்ற ரோடு ஏறக்குறைய அந்தக் கோடுதான். ஆக்ரா, குவாலியர், கர்னூல், சேலம், மதுரை எல்லாம் எழுபத்தெட்டை ஒட்டித்தான் இருக்கு. அவர் செத்து இருநூறு வருசமும் ஒரு மாசமும் ஆச்சு" என்றார். இருபது வருடம் அளந்து வந்த தூரத்தை நாங்கள் ஒரு வாரத்தில் கடக்கிறோம். நான் மடியில் கேரியரை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்கங்கா, நிர்மல், கோதாவரி. பாலத்தில் இவர் வேகத்தைக் குறைத்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு இவர் பேச்சு குறைந்தது. எனக்குக் காரணம் தெரியும். அடுத்து ஹைதராபாத்.

அங்கே ஒரு நண்பர் இருக்கிறார். தெலுங்குக்காரர். டெல்லி அலுவலகத்தில் பதினான்கு வருடம் எதிர் எதிர் மேசை. ஒரே மதியச் சாப்பாடு. என் பிள்ளைகள் நடக்கப் பழகியது அவர் வீட்டு முற்றத்தில். பிறகு அலுவலகத்தில் ஒன்று நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை. கிளம்புமுன் போட்ட பட்டியலில் ஹைதராபாத்துக்கு நேரே "ஹோட்டல்" என்று இவர் எழுதியிருந்தார்.

மேட்சல் அருகே வெளிவட்டச் சாலை வருகிறது. நகரத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர். அதில் ஏறினால் ஊருக்குள் நுழையாமலே ஷம்ஷாபாத்தில் இறங்கிப் பெங்களூர் ரோட்டைப் பிடித்துவிடலாம். ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"வதினாவுக்குப் போன் போடு" என்றார்.

நண்பரின் மனைவியை நான் வதினா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனை எடுத்து, என் குரலைக் கேட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போனுக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் ஏதோ சத்தம். பிறகு அவர் கணவரின் குரல்: "ரோட்டைச் சொல்றேன், எழுதிக்கோம்மா."

போய் இறங்கியபோது இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டில் சர்க்கரை மாத்திரை பற்றிப் பேசினார்கள். யாருக்கு எத்தனை மில்லிகிராம், யாருக்குக் கண்ணில் புரை. வதினாவும் நானும் சமையலறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா கொடுத்த எலுமிச்சைச் சாதத்தில் மீதியிருந்ததை நாலு பேரும் பிரித்துச் சாப்பிட்டோம். நண்பர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் கிளம்பும்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "ஷாத்நகர் வரைக்கும் வர்றேன். அங்கிருந்து பஸ் இருக்கு." நான் முன்சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஐம்பது கிலோமீட்டர். முதல் இருபதில் சாலையைப் பற்றியும் வண்டி கொடுக்கும் மைலேஜைப் பற்றியும்தான் பேச்சு. அப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியதை இங்கே எழுதுவது முறையில்லை. ஷாத்நகரில் பஸ் ஏறும்முன் நண்பர் ஜன்னலில் குனிந்து, "நீ அன்னைக்குக் கதவைச் சாத்தினதுதான்டா எனக்குத் தாங்கலை" என்று தமிழில் சொன்னார். இவரோடு பழகிக் கற்ற தமிழ். இவர் பதில் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கிப் போய், அந்தப் பஸ் கிளம்பும்வரை அதன் படியருகில் நின்றார்.

கர்னூலில் துங்கபத்திரை. அனந்தப்பூரில் தூங்கினோம். பெங்களூரில் நெரிசல் மூன்று மணி நேரத்தைத் தின்றது. ஓசூர் தாண்டித் தமிழ்ப் பலகைகளைக் கண்டதும் இவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நான் ஓட்டினேன். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாடு இழக்கும் இடம் அது. அங்கே யாரும் கியரை விடக் கூடாது. மூன்றாவது கியரிலேயே, எஞ்சின் பிடியில், பின்னால் ஒலிக்கும் ஹாரனைப் பொருட்படுத்தாமல் இறக்கினேன்.

நாமக்கல்லில் இவருடைய பள்ளித் தோழர் ஒருவரைப் பார்ப்பதாக இருந்தது. சேலத்தில் டீ குடிக்க நின்றபோது போன் செய்தோம். மகன் எடுத்தார். அப்பா போய் ஏழு மாதம் ஆயிற்று என்றார். நாமக்கல்லில் நிறுத்தாமல் வந்துவிட்டோம். பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம் வந்தபோதுதான் இவர் வாயைத் திறந்தார். "டெல்லியிலேயே பண்ணியிருக்கணும்." வேறெதுவும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் சாத்தூரில் வைப்பாற்றைத் தாண்டும்போது அந்தப் பழைய பிளாட்பாரக் கொடுக்கல்வாங்கல் நினைவுக்கு வர, வண்டியைக் கடைவீதிக்குத் திருப்பச் சொன்னேன். அரைக் கிலோ காராச்சேவு, அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாய். "இப்பவே எதுக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்கலாமே" என்றார். பிறகு அவரே கடைக்காரரிடம் காராச்சேவைத் தனியாக இறுக்கிக் கட்டச் சொன்னார், நமுத்துப்போகாமல்.

லாரியில் வந்த சாமான்கள் இன்னும் பாதி பிரிக்காமல் கிடக்கின்றன. கேரியரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இங்கிருந்து நாக்பூர் 1,600 கிலோமீட்டர் சொச்சம். இவர் நேற்று வண்டியின் மறுபதிவுக்காகப் போக்குவரத்து அலுவலகம் போனவர், வரும்போது ரயில் அட்டவணையும் ஒன்று வாங்கி வந்தார். அக்காவுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆடி மாதம். பதினைந்து நாள் கூட ஆள் வேண்டும் என்று போனில் கேட்டிருக்கிறார். முதன்முறையாக எங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அந்தக் கருப்பட்டி மிட்டாய் அதுவரை தாங்காது. வேறு வாங்க வேண்டும்.